அக்காவின் இரண்டு வருஷம்

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். டவர் கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பாய். டவர் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் "சரிம்மா, விடும்மா" என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா ராணுவத்தில் இருந்தபோது அவருக்குப் பக்கம் பக்கமாக எழுதிய கை இது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டது உனக்குச் சின்ன விஷயம்தான். ஜூன் மாதம் மருமகளுக்கு லீவு முடிகிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓசூரில் நம்பிக்கையான ஆள் அமையவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரு வருஷம் ராஜபாளையத்தில் என்னிடம் விட்டுவிடலாமா என்றாய். "யாழினிக்கு இப்பத்தானம்மா அஞ்சு முடியுது. ஆறு முடிஞ்சு ஒண்ணாம் வகுப்பு சேக்கிறதுதான் நல்லதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. ஒரு வருஷம் வீட்ல இருந்தா தம்பிக்குத் தொட்டில் ஆட்டிவிடுவா, உனக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "அக்காவும் ரெண்டு வருஷம் லேட்டாத்தான பள்ளிக்கூடம் போனா, அவளுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அவளுக்கு என்ன குறைந்துபோனது என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாமல் வைத்திருந்தது நான்தான். அப்பாவின் மாற்றலால் அக்காவின் படிப்பு தள்ளிப்போனது என்றுதானே உன்னிடம் சொல்லி வளர்த்தேன்? அப்பாவுக்கு எத்தனையோ ஊர் மாற்றல் வந்தது. நாம் ஒரு தடவைகூட அவர் பின்னால் போனதில்லை. ராஜபாளையத்தில் அந்த வாடகை வீட்டிலேயேதான் இருந்தோம். பள்ளிக்கூடம் நம் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடை. காலையில் மணி அடித்தால் நம் வீட்டு அடுப்படிக்குக் கேட்கும்.

நீ பங்குனியில் பிறந்தாய். அக்காவுக்கு வைகாசியில் ஐந்து வயது முடிந்தது. ஜூனில் அவளைச் சேர்த்திருக்க வேண்டும். பச்சை உடம்புக்காரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு எப்படி அலைவது என்று அந்த வருஷத்தை விட்டேன். அதையாவது மன்னித்துவிடலாம். அடுத்த ஜூனில் உனக்கு ஒரு வயது முடிந்திருந்தது. நான் மில்லுக்குத் திரும்பியிருந்தேன். நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் பகல் ஷிப்ட். கூமாப்பட்டியில் இருந்த உன் அப்பா வீட்டாரோடு எங்களுக்கு அப்போது பேச்சுவார்த்தை இல்லை. என்னைப் பெற்றவள் என் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள். ஆறு வயதுப் பிள்ளையின் பொறுப்பில் உன்னை விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து உனக்குப் பால் கொடுத்துவிட்டு, அவளுக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு ஓடுவேன். "செத்த நேரம் பாத்துக்கடா தங்கம், அம்மா இந்தா வந்திருவேன்" என்பேன். செத்த நேரம் என்பது நாலு மணி நேரம்.

"பாத்துக்கிட ஆள் இல்ல, என்ன செய்ய?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் அப்பாவுக்கும் அப்படித்தான் எழுதினேன். அது பொய். ஆள் இருந்தது. பக்கத்து வீட்டு லட்சுமம்மாவை உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். தெலுங்கு பேசுகிறவர். அக்காவை "அம்மாயி" என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் பெண்பிள்ளை என்று அர்த்தம். அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, அம்மாயியை இந்த வருசமும் சேக்கலயா?"

"தம்பியப் பாக்கணும்லக்கா."

"தம்பிய எங்கிட்ட விடு. நான் வீட்ல சும்மாதான இருக்கேன். அது போயிப் படிக்கட்டும்."

"பாப்போம்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று முப்பது வருஷமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். லட்சுமம்மா நல்லவர், சுத்தமானவர், நான்கு பிள்ளை பெற்று வளர்த்தவர். ஆனாலும் ஆண்பிள்ளையை அடுத்த வீட்டில் விட எனக்கு மனசு ஒப்பவில்லை. பெண்பிள்ளையின் படிப்பைக் கைவிட மனசு ஒப்பியது. நடந்தது அவ்வளவுதான்.

உன் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறதே, அதைக் காட்டி இன்றைக்கும் அக்காவைக் கேலி செய்கிறாய். போன பொங்கலுக்குக்கூட அக்கா மகனிடம், "ஒங்கம்மா என்னயக் கீழ போட்டு ஒடைச்சவ" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்று நடந்தது இது. நீ தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் உன்னை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். நீ விழித்துப் புரண்டு விழுந்தாய். உன் அலறலைக் கேட்டு லட்சுமம்மாதான் ஓடி வந்து, உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், மில் கேட்டுக்கு ஆள் அனுப்பினார். மூன்று தையல். நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவள் கதவோரம் நின்றிருந்தாள். உன்னை இறக்கிப் படுக்க வைத்துவிட்டு அகப்பையை எடுத்து அடித்தேன். காம்பு ஒடியும் வரைக்கும் அடித்தேன். அவள் ஓடவில்லை. "எங்கட்டி போன? எங்கட்டி போன?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். "பள்ளிக்கொடத்துக்கு" என்று சொன்னாள். ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனேன் என்று சொன்னதற்காக அடித்த தாய் நான்.

அதற்கடுத்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய டீச்சர் வீடு தேடி வந்து, "இன்னமும் அனுப்பலேன்னா எப்படிம்மா?" என்று சத்தம் போட்டார். உன்னைப் பால்வாடியில் விட்டுவிட்டு அவளைச் சேர்த்தேன். ஏழு வயது. ஒன்றாம் வகுப்பில் மற்ற பிள்ளைகள் அவள் தோளுக்கு இருந்தார்கள். பெயர் எழுதியவர் எங்களை அறியாத புது வாத்தியார். அவர் வயதைக் கேட்டபோது, இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று கேட்பார்களே என்ற வெட்கத்தில் இரண்டு வருஷத்தைக் குறைத்துச் சொன்னேன். சான்றிதழ் எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டார்கள். வகுப்புப் பிள்ளைகள் நான் எழுதிக்கொடுத்த தேதியையா பார்ப்பார்கள்? அவள் உயரத்தைப் பார்த்து "ஆச்சி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பில் அவள் பெரிய மனுஷி ஆனாள். குட்டைப் பாவாடை போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் துண்டைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்து படித்தாள். இதற்கெல்லாம் ஒரு நாளும் வந்து என்னிடம் அழுததில்லை. வீட்டுக்கு வந்தால் முதலில் உன் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பாள், பிறகுதான் தன்னுடையது. கணக்கு உனக்கு வந்ததே அவளால்தான். அது உனக்கே தெரியும்.

உன் அப்பா ஓய்வு பெற்று வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாட்ச்மேன் வேலையில் சேர்ந்ததும் வீட்டையும் அங்கே மாற்றினோம். அவர் போன பிறகுதானே நான் மறுபடியும் ராஜபாளையம் வந்தேன். அக்கா பத்தாவதில் நல்ல மார்க் எடுத்து அங்கேதான் ப்ளஸ் ஒன் சேர்ந்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பாள். அதற்கு ப்ளஸ் டூ முடிக்க வேண்டும். ப்ளஸ் டூவில் மூன்று மாதம் படித்திருந்தபோது மம்சாபுரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. சொந்தம், கொஞ்சம் நிலம், குணமான பையன். உன் அப்பா ஒரே பிடியாக நின்றார். "பதினெட்டு முடிஞ்சிருச்சு. இதுக்கு மேல என்ன காத்துக் கெடக்கிறது? இன்னைக்குச் செத்தாலும் ஒரு கடமை முடியும்ல." நான் மெதுவாக, "பரீட்சை முடியட்டுமே" என்றேன். ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச்சொன்னார்கள். அவளுடைய வகுப்பு டீச்சர் மேஜை மேல் ஒரு ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா தலை குனிந்து நின்றாள்.

"ஏம்மா, ஒங்களுக்கு அறிவிருக்கா? பதினாறு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணமா? இந்தா பாருங்க தேதி. நீங்க நிறுத்தலேன்னா நான் போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. டீச்சருக்குத் தானாகத் தெரியவில்லை, அக்காதான் போய்ச் சொல்லியிருக்கிறாள். தனக்குப் பதினெட்டு முடிந்தது அவளுக்குத் தெரியும். காகிதத்தில் பதினாறு என்று இருப்பதும் தெரியும். நான் வெட்கத்தில் சொன்ன அந்தப் பொய்யை அவள் இத்தனை வருஷம் கழித்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டு, "சரி டீச்சர், நிறுத்திடுறோம்" என்று சொன்னால் போதும். கல்யாணம் நின்றிருக்கும். பரீட்சை எழுதியிருப்பாள். அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னை அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதற்குப் பின்னாலும் பார்க்கவில்லை.

நான் சொன்னேன். "டீச்சர், அது தப்பான தேதி. சேக்கும்போது நான்தான் கொறச்சுக் குடுத்தேன். இவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. வேணும்னா முனிசிபாலிட்டி சர்டிபிகேட் கொண்டாந்து காட்டுறேன்."

போலீஸ் வந்தால் உன் அப்பாவின் மானம் போகும், பார்த்த சம்பந்தம் நின்றால் ஊர் என்ன பேசும் என்ற பயத்தில் சொன்னேன். டீச்சர் ரிஜிஸ்டரை மூடினார். "அப்ப நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றார். அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. நாங்கள் இருவரும் தேரடி வழியாக நடந்து வந்தோம். அவள் அழவில்லை. தெரு முக்குத் திரும்பும்போது மட்டும் மெதுவாகச் சொன்னாள். "பொய்யச் சொன்னதும் நீதான், உண்மையச் சொன்னதும் நீதான். ரெண்டும் எனக்கு ஆகலயேம்மா."

ஐந்து வயதில் சேர்த்திருந்தால், உன் அப்பா அந்தச் சம்பந்தத்தைப் பேசிய நாளில் அவள் ப்ளஸ் டூ முடித்து, நர்சிங்கில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருப்பாள். அதை நிறுத்த உன் அப்பாவுக்கே மனசு வந்திருக்காது. குறைந்துபோனது என்ன என்று கேட்டாயே, அந்த இரண்டு வருஷம்தான். அதை உனக்காகத்தான் எடுத்தேன். நீ கேட்டு நான் எடுக்கவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளை நீ, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. கல்யாணத்தன்று உனக்குப் பதிமூன்று வயது. புதுப் பேண்ட் போட்டுக்கொண்டு பந்தி முழுக்க ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினாய். மணவறையிலிருந்து உன்னைப் பார்த்து அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளை குணம் மாறாதவர், அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மம்சாபுரத்தில் அவள் தெருவுக்குள் போய்ப் பார். முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத, ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன இருக்கிறதென்று கேட்க, பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று பார்க்க, எல்லாரும் அவளிடம்தான் வருகிறார்கள். காலையில் தோட்ட வேலைக்குப் போய்விட்டு வந்து, மாலையில் வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கிறாள். பார்க்கிறவர்களுக்குப் பெருமையாக இருக்கும். என்னால் பார்க்கவே முடியாது.

நீ போன் செய்த மறுநாளே நான் மம்சாபுரம் போனேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். நீ கேட்டதைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"யாழினிய வீட்ல வைக்கப் போறானாக்கும்?"

"அப்படித்தான் கேக்கான். ஈஸ்வரி, ஒன்னய அந்த ரெண்டு வருசம்..."

"அது எதுக்கும்மா இப்ப?"

"நீ பள்ளிக்கொடத்துக்கு வேடிக்க பாக்கப் போன அன்னைக்கு அடிச்சேனே..."

"வேடிக்க பாக்கப் போகல" என்றாள். "உள்ள போயி உக்காந்தேன். கடைசி வரிசையில. டீச்சர் பேர் கேட்டாங்க, சொன்னேன். யாரு அனுப்புனான்னு கேக்கல. ஒரு சிலேட்ட எடுத்துக் குடுத்தாங்க. அம்புட்டுத்தான். பொறவு தெருவுல சத்தம் கேட்டு ஓடியாந்துட்டேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சிலேட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் அழுதேன். அவள் என்னை அழவிட்டாள், தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தம்பிகிட்ட இதெல்லாம் சொல்லிராத" என்றாள். "ஏட்டி?" என்றேன். "தெரிஞ்சா எங்கிட்டப் பாவம் பாத்துப் பேசுவான். இப்ப கேலி பண்ணுதான், சண்ட போடுதான், நானும் திருப்பி ஏசுதேன். அது போயிரும்மா. எனக்கு அது வேணும்." சரி என்று தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

ஒரு வருஷம் தள்ளிப்போடுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே. லட்சுமம்மாவின் பேரனுக்கு ஐந்து வயதிலும் பேச்சு சரியாக வரவில்லை. டாக்டர் சொன்னார், டீச்சரும் சொன்னார், ஒரு வருஷம் காத்திருந்து பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போய்ப் பிறகு சேர்த்தார்கள். பையன் தெளிந்து வந்தான். அவர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள். யாழினிக்கு அப்படி ஒரு தேவை இருக்கிறதென்று அவளுடைய டீச்சர் சொல்லட்டும், நானே அவளை மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்ன காரணத்தை நீயே இன்னொரு தடவை நினைத்துப் பார். ஆறு வயது நல்லது என்று ஆரம்பித்தாய், தொட்டிலில் கொண்டுபோய் முடித்தாய். நானும் அப்படித்தான், ஒவ்வொரு ஜூனிலும் ஒரு நல்ல காரணம் வைத்திருந்தேன். பிள்ளை வீட்டில் இருப்பது பிள்ளைக்காகவா, நமக்காகவா என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வருஷம்தானே என்றும் நினைக்காதே. முதல் வருஷம் முடியும்போது அவள் இல்லாமல் வீடு நடக்காது என்ற நிலைக்கு நாம் பழகிவிடுவோம். ஐந்து வயதுப் பிள்ளை முடியாது என்று சொல்லாது. தம்பியைப் பார்த்துக்கொள் என்றால் பெருமையாகத் தலையை ஆட்டும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு.

இரண்டு பிள்ளைகளையும் இங்கே அனுப்ப வேண்டாம். நான் அங்கே வருகிறேன். குளிர் ஆகாது, மாடி ஏற முடியாது, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்று இத்தனை நாள் சொன்ன சாக்கெல்லாம் போதும். முட்டி வலிக்கு மாத்திரை வாங்கி வைத்துவிட்டேன். மே கடைசியில் ஓசூர் பஸ் ஏறுகிறேன். பேரனை நான் தூக்கி வளர்க்கிறேன். யாழினி பள்ளிக்கூடம் போகட்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். எழுதியபோதுதான் உறைத்தது, அக்காவுக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்த நான் மறுபடியும் அவளிடம் இருப்பதை எடுத்து உன்னிடம் கொடுக்கப் பார்க்கிறேன். உன்னிடம் அவளுக்கு மிச்சம் இருப்பது அந்தச் சண்டையும் கேலியும்தான் என்று அவளே வாய்விட்டுச் சொன்ன பிறகும் எடுக்கிறேன். அதனால் இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. நாளைக்குக் காலையில் மம்சாபுரம் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். முழுக்கப் படிக்கச் சொல்வேன். அனுப்பவா, வேண்டாமா என்று கேட்பேன். அவள் வேண்டாம் என்றால் அங்கேயே அடுப்பில் போட்டுவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர் என்று மட்டும் உன்னிடம் போனில் சொல்வேன். காரணம் கேட்டால் கத்துவேன், நீயும் கிழவிக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய்.

ஒருவேளை இது உன் கைக்கு வந்து நீ படித்துக்கொண்டிருந்தால், அவள் அனுப்பச் சொல்லியிருக்கிறாள், ராசா. பிறந்ததிலிருந்து இன்றுவரை நான் அவளிடம் கேட்டுச் செய்த காரியம் இது ஒன்றுதான்.